ஸ்டீல் கிட்டாரை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

பழைய கன்ட்ரி பாட்டே பாட்டு என்றிருக்கும் தமிழ் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

அமெரிக்கக் கன்ட்ரி இசை செத்துப்போய் வெகுநாளாகிறது என்பதில் உங்களுக்குள் கருத்து வேற்றுமை கிடையாது. எந்த வருஷம் செத்தது என்று கேட்டால்தான் சண்டை. மூத்தவர்கள் 1957 என்பார்கள். நாஷ்வில் ஸ்டுடியோக்களில் ஃபிடிலை வெளியே அனுப்பிவிட்டுப் பின்பாட்டுக் கோஷ்டியை உள்ளே அழைத்த வருஷம் அது. அடுத்த தலைமுறைக்கு 1974. ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஒலிவியா நியூட்டன்-ஜான், கன்ட்ரி இசைச் சங்கத்தின் சிறந்த பாடகி விருதைத் தட்டிக்கொண்டு போனபோதே கதை முடிந்தது என்பது அவர்கள் கட்சி. அதற்கும் இளையவர்கள் ஷனாயா ட்வெய்னைக் கைகாட்டுவார்கள். கடைக்குட்டிகளுக்கு 2012, ஃப்ளோரிடா ஜார்ஜியா லைன். அவரவர் இருபது வயதில் கேட்டதற்கு அடுத்து வந்த தட்டுதான் கொலைகாரன் என்று ஆகிறது.

இதில் எதுவுமே பறிபோகவில்லை என்று வாதாட நான் வரவில்லை. பறிபோயிருக்கிறது. ஆனால் நீங்கள் பிடித்து வைத்திருக்கும் ஆள் வேறு, திருடன் வேறு. வயலின் கூட்டத்தையும் கோரஸையும் கட்டிவைத்து அடிக்கிறீர்கள். அவர்கள் பாவம், கூலிக்கு வாசித்தவர்கள்.

முதலில் ஒரு சங்கடமான விஷயத்தைப் பேசிவிடுவோம். நம்மில் பெரும்பாலோர் இந்த இசைக்குள் நுழைந்தது எந்த வாசல் வழியாக? ஜிம் ரீவ்ஸ். இந்தியாவிலும் இலங்கையிலும் அவருக்கு இருந்த மவுசு, அவருடைய பல சமகாலத்தவருக்குக் கனவிலும் வாய்க்காதது. இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பு, தேவாலயத்துக்குப் போகும் குடும்பங்களில் சுற்றிய எல்.பி. தட்டுகள், 1963இல் வந்த அந்தக் கிறிஸ்துமஸ் தொகுப்பு என்று அந்தக் குரல் நம் வீடுகளுக்குள் வந்து உட்கார்ந்தது. அது மலைநாட்டுக் குரலா? வெல்வெட்டில் சுற்றிய குரல். 'ஹீ வில் ஹேவ் டு கோ' பாட்டை நினைத்துப் பாருங்கள். 1959இல் நாஷ்வில்லில் பதிவானது. ஃபிடில் இல்லை, ஸ்டீல் கிட்டார் இல்லை. ஃபிளாய்ட் கிராமரின் பியானோவும் ஒரு வைப்ரஃபோனும் அனிடா கெர் குழுவின் மெல்லிய கோரஸும்தான். ரீவ்ஸ் மைக்குக்கு மிக அருகில் வந்து, காதலியிடம் டெலிபோனில் பேசுவதுபோலவே தாழ்ந்த குரலில் பாடுகிறார். எந்த மெருகை நீங்கள் திட்டுகிறீர்களோ, அந்த மெருகின் அசல் மாதிரி இதுதான். மெருகு இல்லாவிட்டால் அந்தப் பாட்டு கொழும்பு தாண்டி நாகர்கோவிலுக்கு வந்திருக்குமா என்பதே சந்தேகம்.

சரி, அதற்கு முன்னால் இருந்தது கலப்படமில்லாத மண்ணிசை என்கிறீர்கள். எந்த மண்?

1927 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லை நடுத்தெருவிலேயே ஓடும் பிரிஸ்டல் என்ற ஊரில், ஒரு தொப்பிக் கம்பெனிக் கட்டடத்தில் ரால்ஃப் பியர் என்பவர் கடைவிரித்தார். விக்டர் கம்பெனிக்காகப் பாட்டுகளைப் பதிவுசெய்ய வந்தவர். சில நாள் இடைவெளியில் கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராஜர்ஸும் அவர் முன்னால் வந்து பாடினார்கள். கன்ட்ரி இசையின் பிறந்த வீடு என்று அதைத்தான் சொல்கிறோம். அங்கே இருந்தது, சில வருஷங்களுக்கு முன்புவரை வழக்கத்தில் இருந்த ஊதுகுழல் போன்ற பதிவுக் கருவி அல்ல. அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்த மின்சார மைக். மேபெல் கார்ட்டர் கட்டைவிரலால் தடித்த தந்திகளில் மெட்டை வாசித்துக்கொண்டே மற்ற விரல்களால் தாளத்தைத் தேய்க்கும் அந்தக் கிட்டார், சாரா கார்ட்டரின் குரலுக்குப் பக்கத்தில் தெளிவாகக் கேட்கிறது என்றால் அது மைக்கின் புண்ணியம். அன்றைய தேதிக்கு அது அதிநவீனத் தொழில்நுட்பம். பியருக்கோ நாட்டுப்புறவியல் ஆராய்ச்சியில் நாட்டம் எதுவும் கிடையாது. பதிப்புரிமை வாங்கக்கூடிய பாட்டுகள் வேண்டும். பழசுபோல ஒலிக்கிற, ஆனால் சட்டப்படி புதுசான பாட்டுகள்.

ஏ. பி. கார்ட்டர் மலையோர ஊர்களில் பாட்டுச் சேகரித்து அலைந்தபோது, மெட்டுகளை மனசில் பிடித்துக்கொண்டு வர உடன் போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர். ஜிம்மி ராஜர்ஸ் 1930இல் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட்டோடு பதிவு செய்திருக்கிறார். பேஞ்சோ ஆப்பிரிக்க வழி வந்தது. ஸ்டீல் கிட்டார் ஹவாய்த் தீவுகளிலிருந்து வந்தது. அதிலும் நீங்கள் உருகுகிற அந்த அழுகை, தந்தி அதிர்ந்துகொண்டிருக்கும்போதே காலால் பெடலை மிதித்து ஸ்வரத்தை வழுக்கிக்கொண்டு போவது, பிரபலமானது 1954இல்தான். வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாட்டில் பட் ஐசக்ஸ் அதை வாசித்தார். கேட்ட ஸ்டீல் வாசிப்பாளர்கள் எல்லாரும் பெடல் தேடி ஓடினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் 'பரம்பரைச் சொத்து' புழக்கத்துக்கு வந்து மூன்றே வருஷத்தில், உங்கள் 1957 வந்துவிடுகிறது.

வேஷமும் அப்படித்தான். நாஷ்வில்லில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி நடத்திய வானொலியில் 1925இல் தொடங்கிய நிகழ்ச்சிதான் பிற்பாடு கிராண்ட் ஓல் ஆப்ரி ஆனது. அதில் ஆரம்பத்தில் வாசித்தவர்களில் ஹம்ஃப்ரி பேட் ஒரு மருத்துவர். கோட்டு சூட்டில் வந்துகொண்டிருந்தவர்களை ஜார்ஜ் ஹே என்ற நிகழ்ச்சி நடத்துநர் பட்டிக்காட்டு உடையில் நிற்கவைத்துப் படமெடுத்தார். டாக்டரின் குழுவுக்கு 'போசம் வேட்டைக்காரர்கள்' என்று பெயரும் சூட்டினார். ஆக, முரட்டுத்தனத்தையும் யாரோ தயாரித்துத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

இனி 1957க்கு வருவோம். இங்கே சற்று உட்கார்ந்து பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் குற்றப்பத்திரிகையின் முதல் பக்கமே இது.

ஹாங்க் வில்லியம்ஸ் 1953 புத்தாண்டு அன்று போய்விட்டார். 1956 ஜனவரியில் எல்விஸ் பிரெஸ்லி 'ஹார்ட்பிரேக் ஹோட்டல்' பாடினார். எங்கே? நாஷ்வில்லிலேயே. இளவட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. வானொலி நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கன்ட்ரி நிகழ்ச்சிகளைக் கைவிட்டன. 1961இல் அமெரிக்கா முழுவதும் முழுநேரம் கன்ட்ரி பாட்டு போட்ட நிலையங்கள் நூறுகூட இல்லை. பிழைப்புப் போகிற நேரத்தில் ஆர்.சி.ஏ.வில் செட் அட்கின்ஸும் டெக்காவில் ஓவன் பிராட்லியும் எடுத்த முடிவு எளிமையானது: பாப் கேட்கும் நடுவயதுக்காரர்களுக்குப் பிடிப்பதுபோல் பதிவுசெய்வோம். இப்படிப் பிறந்த நாஷ்வில் சவுண்ட் என்றால் என்ன என்று கேட்டபோது அட்கின்ஸ் பாக்கெட்டுக்குள் கையை விட்டுச் சில்லறையைக் குலுக்கிக் காட்டினார் என்ற கதை உங்களுக்குத் தெரிந்ததே. அவ்வளவு பச்சையாகத் தன் தொழிலைச் சொல்லிக்கொண்ட தயாரிப்பாளர்கள் குறைவு. கன்ட்ரியை ரொம்பவே நகரத்துப் பக்கம் இழுத்துவிட்டோமோ என்று பின்னாளில் அவரே வருந்திப் பேசியதும் உண்டு.

ஆனால் அந்த ஸ்டுடியோக்களுக்குள் நடந்தது என்ன? ஓவன் பிராட்லியும் தம்பி ஹெரால்டும் 16ஆவது அவென்யூவில் ஒரு வீட்டை வாங்கி, அதன் பின்னால் ராணுவம் கழித்துப்போட்ட அரைவட்டத் தகரக் கொட்டகை ஒன்றை நிறுத்தினார்கள். க்வான்செட் ஹட் என்று பேர். அதற்குள் பாடகர், கிட்டார்கள், பாஸ், பியானோ, டிரம்ஸ், நான்கு பேர் கோரஸ் என எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மூன்று மணி நேரம்தான் ஒரு செஷன். அதற்குள் மூன்று நான்கு பாட்டு முடிந்தாக வேண்டும். எழுதிய இசைக்குறிப்பு பெரும்பாலும் கிடையாது. பாட்டை ஒருமுறை கேட்பார்கள். கார்டுகளுக்கு (chords) பெயர் எழுதாமல் 1, 4, 5 என்று எண்களை ஒரு தாளில் கிறுக்கிக்கொள்வார்கள். ஜோர்டனேர்ஸ் குழுவின் நீல் மாத்யூஸ் தொடங்கிவைத்த முறை அது. பாடகிக்குச் சுருதி எட்டவில்லையா, அரைக்கட்டை இறக்கு. தாளில் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம். ஆதார ஷட்ஜத்தை எங்கே வைத்தாலும் ஸ்வரத்தின் பெயர் மாறாத நமக்கு இது அதிசயமில்லை. பாப் மெருகு என்று நீங்கள் சொல்கிறீர்களே, அது இப்படி நாலு பேர் மூச்சுக்காற்று படும் தூரத்தில் நின்று, அந்த இடத்திலேயே யோசித்து வாசித்தது.

ஒரு சான்று சொல்கிறேன். மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொரி' பதிவாகும்போது கிரேடி மார்ட்டினின் பாஸ் கிட்டார் சென்ற மிக்சர் சேனலில் ஏதோ கோளாறு. பாட்டின் நடுவே வண்டு குடைவதுபோல் ஒரு கரகரப்பு. மெருகு மட்டுமே குறி என்றால் அதை அழித்துவிட்டு மறுபடி எடுத்திருக்க வேண்டும். அப்படியே விட்டுவிட்டார்கள். 1961இல் பாட்டு பெரிய ஹிட். அங்கே எஞ்சினியராக இருந்த கிளென் ஸ்நாடி அந்தக் கரகரப்பை வேண்டும்போது வரவழைக்க ஒரு சின்னப் பெட்டி செய்தார். அதுதான் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று கடைக்கு வந்து, 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாடிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டில் உலகமெல்லாம் ஒலித்தது. ராக் இசையின் அழுக்குச் சத்தம், 'சுத்தமாக்கிக் கெடுத்தவர்கள்' என்று பழி சுமக்கும் நாஷ்வில் கொட்டகையிலிருந்துதான் புறப்பட்டிருக்கிறது!

பேட்ஸி கிளைன் கதையைப் பாருங்கள். மேற்கத்திய மாட்டுக்காரி உடையில் வந்து யோடல் பாட ஆசைப்பட்டவர். பாப் பாட்டென்றால் அவருக்கு ஆகாது. 'வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்' கூட வேண்டா வெறுப்பாகப் பாடியதுதான். பிராட்லியோடு மல்லுக்கட்டிக்கொண்டேதான் காலம் போயிற்று. 1961 ஜூனில் பெரிய கார் விபத்து. ஆகஸ்டில், ஊன்றுகோலோடு, வில்லி நெல்சன் எழுதிய 'கிரேஸி'யைப் பாட வந்தார். விலா எலும்பு வலியில் மேல் ஸ்வரங்களை எட்ட முடியவில்லை. பிராட்லி வாத்தியங்களை மட்டும் டேப்பில் எடுத்துக்கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்பினார். சில வாரம் கழித்து வந்து, காய்ந்துகொண்டிருந்த காயத்தோடு, ஏற்கெனவே வாசித்து வைத்த இசைமேல் பாடினார். கேட்டுப் பாருங்கள், ஒவ்வொரு வரியும் தாளத்துக்கு ஒரு நூலிழை பிந்தித்தான் தரையிறங்கும். அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறவர் சொற்களைத் தாமதமாக விடுவாரே, அந்தத் தாமதம். கோரஸும் கிராமரின் பியானோவும் அந்தத் தாமதத்துக்கு மெத்தை போட்டுக் கொடுக்கின்றன. இதைக் கன்ட்ரி இல்லை என்று தள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. உங்களுக்கு வருகிறதா?

ஆனால் இதே இடத்தில்தான் விதையும் விழுந்தது. குரல் வேறு ட்ராக்கில், வாத்தியம் வேறு ட்ராக்கில். இரண்டும் ஒரே நாளில், ஒரே அறையில் நடக்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. காயம்பட்ட பாடகிக்கு இரக்கப்பட்டுச் செய்த காரியம். அது பின்னாளில் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு வருகிறேன்.

நடுவில் நீங்கள் கொண்டாடும் எதிர்க்கட்சிகளைப் பற்றி நீட்டி முழக்கப்போவதில்லை. பேக்கர்ஸ்ஃபீல்டின் பக் ஓவன்ஸ் எனக்கும் உயிர். 'டுகெதர் அகெய்ன்' பாட்டில் டாம் பிரம்லியின் ஸ்டீல் வாசிப்புக்கு ஈடில்லை. ஆனால் அந்தக் கூர்மையான கிட்டார் சத்தம், காருக்குள் இருக்கும் சின்ன ஏ.எம். ரேடியோவில் எடுப்பாகக் கேட்கவேண்டும் என்று கணக்குப் போட்டு மிக்ஸ் செய்தது. அதுவும் தயாரிப்புதான், கோணம் வேறு. வில்லி நெல்சனின் 1975 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' வெறும் மாதிரிப் பதிவு போலிருக்கிறதே என்று கம்பெனிக்காரர்கள் முகம் சுளித்ததும், அதிலிருந்தே முதலிடம் பிடித்த பாட்டு வந்ததும் நீங்கள் ஆயிரம் முறை சொன்ன கதை.

நீங்கள் அவ்வளவாகச் சொல்லாதது பில்லி ஷெரில் கதை. வயலின் கடலில் கன்ட்ரியை மூழ்கடித்தவர் என்று உங்களிடம் வசவு வாங்குபவர். சிறந்த கன்ட்ரி பாட்டு எது என்று யார் பட்டியல் போட்டாலும் பெரும்பாலும் உச்சியில் நிற்கிறதே, ஜார்ஜ் ஜோன்ஸின் 'ஹீ ஸ்டாப்ட் லவிங் ஹெர் டுடே', அது 1980இல் இதே ஷெரில் தயாரித்தது. இவ்வளவு சோகமான பாட்டை ஒருத்தனும் வாங்கமாட்டான் என்று முரண்டு பிடித்தார் ஜோன்ஸ். குடியின் பிடியில் இருந்த காலம் வேறு. மெட்டு நழுவி இன்னொரு பாட்டின் மெட்டுக்குள் போய்விடும். மாதக்கணக்கில் துண்டு துண்டாக எடுத்து ஒட்டியது. இறந்தவனைத் தூக்கிச் செல்லும் கட்டத்தில் வயலின்கள் படியேறுகின்றன. மில்லி கிர்காமின் குரல் மேலே ஒப்பாரிபோல் எழுகிறது. அந்த வயலின்களை எடுத்துவிட்டால் பாட்டு இறந்துவிடும். 'மெருகு' உயிரைக் கொடுத்த இடம் இது. அப்படியானால் என் குற்றச்சாட்டுதான் என்ன என்பீர்கள்.

1981இல் ஒரு தட்டு வந்தது. ஜிம் ரீவ்ஸும் பேட்ஸி கிளைனும் சேர்ந்து பாடும் 'ஹேவ் யூ எவர் பீன் லோன்லி'. கேட்க இனிமை. ஒரே இடைஞ்சல், பேட்ஸி 1963 மார்ச்சிலும் ரீவ்ஸ் 1964 ஜூலையிலும் விமான விபத்துகளில் இறந்துவிட்டார்கள். உயிரோடிருந்தபோது இருவரும் ஒன்றாகப் பதிவு செய்ததே இல்லை. தனித்தனியே பாடி வைத்த டேப்பிலிருந்து குரல் ட்ராக்குகளை மட்டும் உருவி எடுத்து, புதிதாகப் பின்னணி வாசித்து, இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். செய்தவர்கள் அந்நியர்கள் அல்ல, அட்கின்ஸும் பிராட்லியும்தான். பழைய டேப்பில் குரல் தனியாக இருந்ததால்தான் இது முடிந்தது. பாட்டு என்பது ஒரு நேரத்தில் ஓர் அறையில் நடந்த சம்பவம் என்ற நிலைமை மாறி, கழற்றி மாட்டக்கூடிய உதிரிபாகங்களின் அடுக்காகியது எனக்குத் துல்லியமாகத் தெரிவது இந்தத் தட்டில்.

அது முழுதாகப் பழுத்தது 2002 நவம்பரில். ஷனாயா ட்வெய்னின் 'அப்!' தயாரித்தவர் அவருடைய அன்றைய கணவர் மட் லாங். ஏசி/டிசி, டெஃப் லெப்பர்ட் என்று ராக் உலகில் அடுக்கடுக்காகச் சத்தத்தைக் கட்டிப் பேர் வாங்கியவர். இவர்கள் இருவரும் முன்பே 1997இல் வெளியிட்ட 'கம் ஆன் ஓவர்' உலகெங்கும் 4 கோடி பிரதிகளை எட்டியது. அமெரிக்காவுக்கு ஃபிடிலும் ஸ்டீலும் உள்ள வடிவம், வெளிநாட்டுக்கு அவற்றைக் குறைத்த வடிவம். 'அப்!' அதையே அட்டையில் அச்சடித்துக் கொண்டுவந்தது. அதே 19 பாட்டுகள், அதே குரல்; மூன்று நிறத் தட்டுகள். சிவப்பு பாப். பச்சை கன்ட்ரி. நீலம் இந்தியச் சாயல். பர்மிங்ஹாமைச் சேர்ந்த பஞ்சாபி வம்சாவளிச் சகோதரர்கள் சைமன், டைமண்ட் துக்கல் வாத்தியம் கட்டியது. அமெரிக்காவில் சிவப்பும் பச்சையும் சேர்த்து விற்றார்கள், மற்ற நாடுகளில் சிவப்பும் நீலமும்.

பச்சைத் தட்டைப் பொறுமையாகக் கேட்டிருக்கிறீர்களா? நீங்கள் ஷனாயா பேரைக் கேட்டாலே எழுந்து போகிறவர்கள் என்பது தெரியும். பேஞ்சோ, மாண்டலின், ஃபிடில், ஸ்டீல் எல்லாம் உண்டு, வாசித்தவர்களும் தேர்ந்தவர்கள். ஆனால் எந்த ஃபிடில் வரியும் பாடகியிடம் எதையும் கேட்கவில்லை. அவரும் பதில் சொல்லவில்லை. ஃபிடில் அங்கே இல்லாதபோதும் அவர் இப்படியேதான் பாடினார், சிவப்புத் தட்டில் அதே குரல், அதே மூச்சு. ஜோன்ஸின் பாட்டில் ஸ்டீல் கிட்டார் சாம்பாரில் கரைந்த புளி, எடுக்க முடியாது. பச்சைத் தட்டில் அது பொங்கல்மேல் தூவிய முந்திரி. வேண்டாதவர் ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிடலாம்.

என் குற்றச்சாட்டு இதுதான். பாப் வந்து வாத்தியங்களைச் சேர்த்ததோ குறைத்ததோ பெரிய சேதமில்லை. கன்ட்ரி என்பதையே கடைசியில் தடவும் ஒரு பூச்சாக ஆக்கியதுதான் சேதம். அந்த நிலைக்கு வந்தபிறகு ஸ்டீல் கிட்டாரைச் சேர்ப்பதா விடுவதா என்பது சந்தைப் பிரிவின் முடிவு. வாசிப்பவர் காதோடு அதற்குச் சம்பந்தமில்லை.

மற்றவை தானாகவே பின்தொடர்ந்தன. அடுக்கடுக்காகப் பதிவுசெய்ய வேண்டுமானால் எல்லாருக்கும் பொதுவான ஒரு தாளக் காவலாளி வேண்டும். காதில் டிக் டிக் என்று கிளிக் ட்ராக். அது ஒழுங்குக்கு நல்லது. ஆனால் எல்லாரும் ஒரே அறையில் நின்று பதிவுசெய்த பாட்டுகளில் பேட்ஸி பிந்தி வரும்போது டிரம்ஸில் பட்டி ஹார்மன் அரைக்கணம் விட்டுக்கொடுக்கலாம். கிளிக் ட்ராக் விட்டுக்கொடுக்காது. 1997இல் ஆட்டோ-டியூன் வந்தது. கண்டுபிடித்த ஆண்டி ஹில்டபிராண்ட் அதற்குமுன் எண்ணெய்க் கம்பெனிகளுக்காக நில அதிர்வு அலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர். கன்ட்ரிப் பாடகரின் சொத்தே ஸ்வரத்துக்குச் சற்றுக் கீழே தொடங்கி மேலே ஏறுவதும், உச்சியில் குரல் ஒரு கணம் உடைவதும்தான். சரியான ஸ்வரம் எது என்று மட்டும் தெரிந்த மென்பொருளுக்கு அந்த ஏற்றமும் உடைசலும் பிழைகள். திருத்திவிடும். 2002இல் அலிசன் மூரர் தன் தொகுப்பின் மேல், இதில் குரல் திருத்தமே இல்லை என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றார். கலப்படமில்லாத நெய் என்று கடையில் எழுதி வைக்கிற நிலைமை எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியும்.

பிறகு வானொலி. 1996இல் வந்த அமெரிக்கச் சட்டம் ஒன்று, நாடு முழுவதுமாக ஒரே கம்பெனி எத்தனை நிலையம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள வழிவிட்டது. ஊருக்கு ஊர் ஒருவர் விருப்பப்படி தட்டு போட்ட காலம் முடிந்து, பட்டியல் மேலிருந்து வரத் தொடங்கியது. 2012 அக்டோபரில் பில்போர்ட் பத்திரிகை கன்ட்ரி பாட்டுகளின் தரவரிசைக் கணக்கை மாற்றியது: பாப் நிலையங்களில் ஒலிப்பதும், டிஜிட்டல் விற்பனையும், ஸ்ட்ரீமிங்கும் இனி சேரும். ஆக, பாப் வானொலியிலும் ஓடக்கூடிய கன்ட்ரி பாட்டுக்கு இரட்டை மதிப்பெண். ஃப்ளோரிடா ஜார்ஜியா லைனின் 'க்ரூஸ்' 24 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்தது. தயாரித்த ஜோயி மோய், நிக்கல்பேக் என்ற ராக் குழுவோடு வேலை செய்தவர். ராப் பாடகர் நெல்லி சேர்ந்த இன்னொரு வடிவமும் வந்தது. பாடகர்களைத் திட்டுவதைவிட அந்தக் கணக்கு எப்படிப் போடப்பட்டது என்று பார்ப்பது பலன் தரும்.

ஒரு விஷயத்தில் உங்களோடு கண்டிப்பாகச் சண்டை போடவேண்டியிருக்கிறது. 'இது கன்ட்ரியே இல்லை' என்ற வாக்கியத்தைக் கையில் எடுக்கும்போது அதன் பழைய கறையையும் சேர்த்தே எடுக்கிறீர்கள். ஆப்ரியின் ஆரம்பகால நட்சத்திரங்களில் ஒருவர் டிஃபோர்ட் பெய்லி. ரயில் போவதை ஹார்மோனிகாவில் நிகழ்த்திக் காட்டிய கறுப்பினக் கலைஞர். 1941இல் அவரை வெளியே அனுப்பினார்கள். கன்ட்ரி இசைப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் ஏற 2005 ஆகவேண்டியிருந்தது. 2019 மார்ச்சில் லில் நாஸ் எக்ஸின் 'ஓல்ட் டவுன் ரோட்' கன்ட்ரி பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது, அதில் கன்ட்ரிக் கூறு போதாதென்று. டிரம் மெஷினும் ராப் நடையும் வெள்ளைக்காரப் பாடகர்களிடம் பல வருஷமாகப் புழங்கியபோது அந்தத் தராசு எங்கே போயிருந்தது? அந்தப் பாட்டும் பூச்சு வேலைதான் என்று நீங்கள் விமர்சிக்கலாம், நானும் சேர்ந்துகொள்வேன். அதற்கு முன்னால் 'க்ரூஸ்' பாட்டுக்கும் அதே தராசைத் தூக்குங்கள்.

எல்லாம் போய்விட்டதா என்றால், கிறிஸ் ஸ்டேபில்டனின் 'டிராவலர்' வந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. நாஷ்வில்லில் ஆர்.சி.ஏ. ஸ்டுடியோ ஏ என்ற பெரிய கூடம், 1965 வாக்கில் அட்கின்ஸ் காலத்தில் கட்டியது. 2014இல் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்து, இசைக்காரர்கள் கூச்சல் போட்டுக் காப்பாற்றியது. அங்கே தயாரிப்பாளர் டேவ் காப் ஒரு சிறு குழுவை ஒன்றாக உட்காரவைத்து வாசிக்கவிட்டார். 2015 நவம்பரில் கன்ட்ரி இசைச் சங்கத்தின் விருது விழாவில் ஸ்டேபில்டன் 'டென்னசி விஸ்கி' பாடிய மறுவாரமே, வெளியாகி ஆறு மாதமான அந்தத் தொகுப்பு எல்லா வகை இசைக்கும் பொதுவான விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்கு ஏறியது. அன்று மேடையில் கூடப் பாடியவர் யார்? பாப் நட்சத்திரம் ஜஸ்டின் டிம்பர்லேக். அந்தப் பாட்டின் நடையோ கன்ட்ரி வால்ட்ஸ் அல்ல, பழைய சோல் இசையின் நடை. உங்கள் சட்டப்படி அதுவும் தேறாது. ஆனால் ஒரு வரி முடிந்து அடுத்த வரி வரும்முன் விடும் இடைவெளியில் குழு என்ன செய்கிறது என்று கவனியுங்கள். பாடகர் எவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார் என்று கூட வாசிப்பவர்களுக்கும் தெரியாது. காத்திருந்துதான் வாசிக்கிறார்கள்.

அதே 'டென்னசி விஸ்கி'யை 1983இல் ஜோன்ஸும் பாடியிருக்கிறார், அதற்கும் தயாரிப்பாளர் ஷெரில்தான். நாம் கூடிப் பாட்டுக் கேட்கும் அடுத்த கூட்டத்துக்கு இந்த இரண்டையும், 'அப்!' தட்டுகளில் பச்சையையும் சிவப்பையும் நான் எடுத்துவருகிறேன். ஒவ்வொன்றாகப் போடுவோம். ஃபிடில் எங்கே, ஸ்டீல் எங்கே என்று தேடாமல், யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் ஆளுக்கொரு தாளில் குறித்து வையுங்கள். ஷனாயா பெயரைக் கேட்டால் எழுந்து போகும் பழக்கமுள்ளவர்கள் அன்றைக்கு மட்டும் கதவிலிருந்து தள்ளி உட்காரவும்.

அன்புடன்,
உங்கள் கூட்டத்தில் பின்வரிசையில் உட்காரும் ஒரு ரசிகர்